ஒரே ஒரு ஜாங்கிரி

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மதியம் இரண்டாம் பந்தி. மேஜைக் காகிதம் மாற்றி இலை போட்டாயிற்று. எனக்குக் கிடைத்தது சுவரோரக் கடைசி நாற்காலி. எதிர் வரிசை முழுக்கத் தெரிகிறது.

நேர் எதிரே ஐம்பதைத் தொடும் ஒருவர். வெள்ளைச் சட்டையில் வயிற்றுப் பொத்தான் மட்டும் சிரமப்பட்டு நிற்கிறது. மணிக்கட்டில், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கடிகாரம். இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே பக்கத்து இளைஞனிடம் சொல்லிவிட்டார்: "ஒரு மாசமா சோறு தொடறதில்ல மாப்ளே. இனிப்பு அறவே கிடையாது."

"காலையில டிஃபனும் சாப்பிடல" என்றார் மனைவி. குரலில் இருந்தது பெருமையா கவலையா, பிரிக்க முடியவில்லை.

சாதம் வந்தது. கையைக் குறுக்கே நீட்டினார். "வேணாம் தம்பி, டயட்டு." பரிமாறுகிற பையன் நகர்ந்துவிட்டான், உறவுக்காரர்கள் விடவில்லை. "கல்யாணத்துல என்ன மாமா டயட்டு?" "எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான், கல்லு மாதிரி இருந்தார்." "சோறு இல்லாம தலை சுத்தாது?" அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். டாக்டர் எச்சரித்தது, சர்க்கரை எல்லையில் நிற்பது, நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. 23 ஆனாலே அதிகம் என்பது, ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. எல்லாம் சரியான தகவல்தான். சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கண் மட்டும் பக்கத்து இளைஞனின் இலையில், பருப்பின் மேல் உருகும் நெய்யில் இருந்தது.

அப்போதுதான் பெண்ணின் அப்பா ஜாங்கிரித் தட்டோடு வந்தார். "ஒண்ணே ஒண்ணு. என் பொண்ணு கல்யாணம்." இதற்கு மேல் என்ன மறுப்பது? இலையில் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாகு மெல்ல நகர்ந்து உருளைக்கிழங்குக் கறியின் ஓரத்தைத் தொடப் போனது. விரலால் தடுத்தார். விரலை நக்கினார். வெளிச்சுற்றில் ஒரு துண்டு உடைந்தது. பிறகு இலையில் ஜாங்கிரி இல்லை.

"முழுக்க நனைஞ்சாச்சு மாமா, இனி முக்காடு எதுக்கு?" என்றான் இளைஞன்.

"அதானே! தம்பி, அந்தச் சாதத்தை இப்படிக் கொண்டா."

சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று மூன்று முறை சாதம் வந்தது. இன்னும் இரண்டு ஜாங்கிரி. பாயசம் வந்தபோது வேண்டாம் என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும். "திங்கக்கிழமைலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சுக்கறேன்" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையேதான் சோதனையில் கண்டார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எதிர் இலையில் நடந்ததும் அதுதான். ஒரு ஜாங்கிரியால் குடி முழுகிவிடாது. விரதம் கலைந்துவிட்டது என்ற எண்ணம்தான் அடுத்த மூன்று கரண்டிச் சாதத்தையும் போட்டது. இதில் காலையிலிருந்து பட்டினி வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்து ஆராய்ந்தார் விஞ்ஞானி ஆன்சல் கீஸ். அவர்களில் சிலர் சமையல் புத்தகம் சேர்க்கிற அளவுக்குப் போனார்கள். வயிறு காய்ந்தால் மனம் சோற்றையேதான் சுற்றும்.

அதே வரிசையில் நாலு இலை தள்ளி ஒரு பெரியம்மா. எழுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லி என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டது ஒரே கரண்டிச் சாதம். அதை விரலால் மூன்றாகப் பகுத்தார்: குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ஜாங்கிரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாகப் பிட்டுப் பாதியைப் பேரன் இலையில் வைத்தார், மீதியை நிதானமாகத் தின்றார். சாதம் மறுபடி வந்தபோது இலையின் மேல் உள்ளங்கையை வைத்தார். "போதும்ப்பா." அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, அதனால் யாரும் வாதத்துக்கு வரவில்லை.

வரிசையின் முனையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி. உட்காரும்போதே ஓர் அத்தை கேட்டுவிட்டார்: "என்னடி இப்படி ஊதிட்டே? அடுத்து உனக்குத்தானே மாப்பிள்ளை பாக்கணும்?" அவள் சிரித்தாள். பொரியலை இங்கிருந்து அங்கே தள்ளினாள், பாதியில் இலையை மடித்தாள். கை கழுவப் போகும்போது பார்த்தேன், சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஜாங்கிரி டின்னிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். எடையைச் சொல்லிக் குத்திக்காட்டினால் எடை குறைவதில்லை, பெரும்பாலும் கூடவே செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அத்தைகளுக்கு யார் சொல்வது?

நான் எழுவதற்கு முன்பே மூன்றாம் பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் எனக்குப் பின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார், விட்டால் வேறு யாராவது பிடித்துவிடுவார்களாம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். நம் பந்தி பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடும். சேதி வரும்போது நாம் பீடா மென்றுகொண்டிருப்போம்.

இனியும் முகூர்த்தங்கள் வரும். பந்தி விசாரிக்கிறவர்கள் ஒருமுறை கேளுங்கள். கை மறித்தால் அடுத்த இலைக்குப் போய்விடுங்கள். இடம் பிடிக்கிறவர்கள் நாற்காலியை விட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். எடையைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: மதியப் பந்தியை நினைத்துக் காலை இட்லியை விட்டுவிடாதீர்கள்.