கேட் ஆர்ச்சரும் கூட்டுப்பட்டாவும்

துப்பறியும் கதை விஷயத்தில் தேவகோட்டைக்காரனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் எங்கள் ஊரில் பிறந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் அவருக்கு முகம். அந்த இரண்டையும் வரைந்து, கீழே மெட்ராஸ் என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சத்தியம் செய்வார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை, தபால் தலைக்குக் காசு ஏது? சங்கர்லால் விமானம் ஏறி வெளிநாடு போவார், போன இடத்திலும் தேநீர் கேட்டுக் குடிப்பார். நாங்கள் காரைக்குடியைத் தாண்டியதில்லை.

அப்புறம் ஜெய்சங்கர். 1966இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர வருடக்கணக்கானது. 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்'. ரகசியக் கதவு, சிவப்பு விளக்கு, சுழலும் நாற்காலியில் முகம் காட்டாத வில்லன், பேனாவுக்குள் துப்பாக்கி. எல்லாம் பொய் என்று மண்தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் விசில் அடித்தோம். இன்றைக்கு வரும் உளவாளிப் படங்களில் கதாநாயகன் ஆரம்பம் முதல் கடைசி வரை வயிற்று வலிக்காரன் மாதிரியே இருக்கிறான். ஜெய்சங்கர் அடிக்கும்போதும் சிரித்துக்கொண்டே அடிப்பார்.

அந்தச் சிரிப்பை நான் மறுபடி பார்த்தது 2001இல், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில்.

அப்போது பதிவுத்துறையில் எழுத்தராக இருந்தேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. படிப்புக்கு உதவும் என்று மதுரையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த என் தங்கை மகன், "மாமா, பிள்ளை விளையாடட்டும்" என்று ஒரு பெட்டி கொடுத்தான். அட்டையில் நிறம் கொழிக்கும் சட்டை போட்ட ஒரு பெண், கையில் துப்பாக்கி. 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்று பெயர். யாரும் சாகாவரம் பெற்று வந்தவர்கள் இல்லை என்று அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் மோனோலித் என்ற நிறுவனம் செய்தது, ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்டது. வெளிவந்தது 2000 நவம்பர். அந்த ஆண்டு ஜூனில்தான் ஜெய்சங்கர் காலமாகியிருந்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எனக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

இந்த வகை விளையாட்டில் ஆடுகிறவரின் உருவம் தெரியாது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையின் கீழே தெரியும், கண் நம்முடையது. சுட்டுக்கொண்டே போவதுதான் பெரும்பாலும். இதிலும் சுடலாம். ஆனால் கதை நடப்பது 1967இல். நம் மாநிலத்தில் ஆட்சி மாறிய வருடம் என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். கேட் ஆர்ச்சர் என்ற ஸ்காட்லாந்துக்காரி, முன்னாள் திருடி. யூனிட்டி என்ற உளவு அமைப்பில் இருக்கிறாள். எதிரிக் கும்பலுக்குப் பெயர் ஹார்ம். அது எந்தச் சொற்களின் சுருக்கம் என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். அது ஒரு ஜோக். எங்கள் துறையில் சில படிவங்களின் பெயர்களும் அப்படித்தான்.

அவளுடைய சாமான்களைக் கேளுங்கள். உதட்டுச்சாயம் வெடிகுண்டு. தலையில் குத்தும் கிளிப் பூட்டைத் திறக்கும். வாசனைத் திரவியம் ஆளை மயக்கும். கறுப்புக் கண்ணாடிக்குள் கேமரா. தமிழ்வாணன் பார்த்திருந்தால் தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்திருப்பார். காவல் நாயை வளைக்க ஒரு இயந்திரப் பொட்டை நாய். ஓரிடத்தில் பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து விழுகிறாள். கூட விழுந்துகொண்டிருக்கும் எதிரியைப் பிடித்து அவன் பாராசூட்டைக் கைப்பற்ற வேண்டும். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

மகளுக்குப் பிடித்தது வேறு. யூனிட்டியின் ஆண் ஒற்றர்கள் பலர் கொல்லப்பட்ட பிறகு, வேறு வழி இல்லாமல்தான் கேட்டை வேலைக்கு அனுப்புகிறார்கள். ஸ்மித் என்ற மேலதிகாரி ஒவ்வொரு முறையும், 'பெண்ணால் முடியுமா' என்கிற தோரணையில் பேசுவார். "அப்பா, இவரு நம்ம பெரியப்பா மாதிரியே பேசுறாரு" என்றாள். என் அண்ணன் அப்போது முற்றத்தில்தான் இருந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி விளையாட்டு என்று அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு பெண்ணை நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு முன்பே பார்த்ததுண்டு. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி. அவளும் முன்னாள் குற்றவாளி, பிறகு உளவு வேலைக்கு வந்தவள். கேட்டைச் செதுக்கியவர்கள் மாடஸ்டியைப் படித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது அடியாட்கள். கேட் சத்தம் காட்டாமல் ஒரு கதவோரம் ஒளிந்தால், அந்தப் பக்கம் காவலுக்கு நிற்கும் இரண்டு பேர் பேசுவது காதில் விழும். உலகத்தை அழிக்கும் திட்டம் பற்றியா பேசுகிறார்கள்? இல்லை. வேலை, மேலதிகாரி, சொந்தக் கதை, ஒன்றுக்கும் உதவாத தத்துவம். எங்கள் அலுவலகத்தில் மூன்றரை மணித் தேநீர் வரும்போது நடக்கும் பேச்சு அப்படியே. உலகத்தை அழிப்பதும் அவர்களுக்கு ஒரு உத்தியோகம்தான். பத்திரக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அகவிலைப்படி பேசிய எனக்கு அவர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. மகள் குறி வைத்துவிட்டால், "இரு தாயி, பேசி முடிக்கட்டும்" என்பேன்.

என் மனைவிக்கு இங்கே வாகனர் என்ற வில்லியைக் கண்டால் ஆகாது. ஜெர்மன்காரி, ஆபெரா பாடகி. பாடுகிறேன் என்று கிளம்பினால் கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு குரல். என் மனைவி முறையாகப் பாட்டுக் கற்றவள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, "இந்தப் பொம்பளைய மொதல்ல சுடு ஆத்தா, சுருதி கெட்டுப்போச்சு" என்பாள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாளும் உண்டு. 2002இல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் கேட் கல்கத்தாவுக்கே வருகிறாள். வாய் பேசாமல் நடிக்கும் மைம் கலைஞர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள், மூன்று சக்கர சைக்கிளில் ஒரு துரத்தலும் உண்டு. கல்கத்தாவை இதைவிடக் கேலியாக யாரும் வரைந்ததில்லை, ஆனாலும் கோபம் வரவில்லை.

மனைவி 2016இல் போய்விட்டாள். மகள் பெங்களூரில். பேத்திக்குப் பதினோரு வயது. போன மே மாதம் விடுமுறைக்கு வந்தபோது மகள், "அப்பா, அந்தக் கேட் ஆர்ச்சர் விளையாட்டைப் பாப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துடலாம்பா. அம்மா திட்டுவாங்களே, அந்தப் பாட்டுக்காரிய அவளும் கேட்கட்டும்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். இப்போது பழைய விளையாட்டுகளை எல்லாம் இணையத்தில் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அதைவிடப் பழையதெல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. இரண்டாம் பாகமும் இல்லை. காசு கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க முடியவில்லை.

ஏன் என்று அவள் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்குப் பழைய அலுவலகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முப்பது வருடம் பத்திரம் பார்த்தவன், இதற்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன். செய்தவர் மோனோலித், வெளியிட்டவர் ஃபாக்ஸ் இன்டராக்டிவ். இரண்டாம் பாகத்தை வெளியிட்டது சியரா. அது விவெண்டி குடும்பம். 2003இல் ஃபாக்ஸ் இன்டராக்டிவ்வை விவெண்டி வாங்கியது. 2004இல் மோனோலித்தை வார்னர் வாங்கியது. 2008இல் விவெண்டியின் விளையாட்டுப் பிரிவு ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. தாய் நிறுவனமான ஃபாக்ஸ் 2019இல் டிஸ்னி கைக்குப் போனது. 2023இல் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. செய்த மோனோலித்தையே 2025 பிப்ரவரியில் வார்னர் மூடிவிட்டது.

இத்தனை கைமாற்றத்திலும், கேட் ஆர்ச்சர் எந்தப் பத்திரத்தில் எந்த ஷரத்தின்படி யாருக்குப் போனாள் என்று தீர்த்துச் சொல்ல ஆளில்லை. பழைய விளையாட்டுகளைத் தூசி தட்டி மறுபடி விற்கும் நைட்டைவ் என்ற நிறுவனம் முயன்று பார்த்தது. 2014இல் பெயருக்கு வணிகக்குறி கேட்டு விண்ணப்பித்தார்கள். வார்னர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. மற்றவர்களைக் கேட்டால், பழைய ஒப்பந்தம் காகிதத்தில் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கலாம், தேடத் தோதில்லை என்கிற மாதிரிதான் பதில். கடைசியில் நைட்டைவ் ஒதுங்கிக்கொண்டது. எனக்கே உரிமை என்று முன்வந்து விற்கவும் ஆள் இல்லை, என்னுடையது இல்லை என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

இது எங்கள் ஊர்க் கதை. நான் இருக்கும் தெருவிலேயே ஒரு வீடு. முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, சாவி அவரவர் கையில். அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று பெருகி, நான் பணியில் இருந்தபோது வாரிசுப் பட்டியல் 27 பேர். சென்னை, மலேசியா, அமெரிக்கா. விற்கலாம் என்றார்கள், பழுது பார்க்கலாம் என்றார்கள், கல்யாண மண்டபமாக விடலாம் என்றும் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் 27 கையெழுத்து வேண்டும், 26தான் சேர்ந்தது. ஒருவர் மறுக்கவில்லை, பதிலே போடவில்லை. அவ்வளவுதான். வருடம் ஒருமுறை பொங்கலுக்கு ஓர் ஆச்சி வந்து முற்றத்தில் கோலம் போட்டு விளக்கேற்றிவிட்டுப் போவார். இப்போது அவரும் இல்லை. இரண்டு மழைக்கு முன்னால் வளவு ஓடு சரிந்தது. பங்காளிகள் சண்டை போட்டு வீணான வீட்டைவிட, சண்டைகூடப் போடாமல் வீணான வீட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுக்கும் விளக்கேற்றும் ஆச்சிகள் இருக்கிறார்கள். ரசிகர்கள் சிலர் அதை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி ஒட்டுப்போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்களாம். "எடுத்துக்கலாமாப்பா? தப்பில்லையே?" என்று மகள் கேட்டாள். நிலமாக இருந்தால், சொந்தக்காரன் கேட்காமல் பன்னிரண்டு வருடம் அனுபவித்தவனுக்கு அனுபவ பாத்தியதை என்று வாதாட இடம் உண்டு. காப்புரிமையில் அதெல்லாம் செல்லாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனம் செய்த படைப்புக்கு, வெளியான நாளிலிருந்து 95 வருடம். கணக்குப் போட்டேன்: 2095 முடிய வேண்டும். பேத்திக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். யாருடையது என்றே தெரியாத ஒரு சொத்துக்கு 95 வருடக் காவல்! சட்டத்தை மதித்தே வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன் நான். ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நாள் செட்டிநாட்டுத் தெருவில் நடந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

மகளுக்குப் பதில் சொல்லாமல் ஏணியை எடுத்தேன். பரணில் 2001ஆம் வருடத்துக் கம்ப்யூட்டர் பழைய வேட்டியில் சுற்றி இருந்தது. அம்மி மாதிரி கனக்கும் மானிட்டர். சிங்கப்பூர்ப் பெட்டியும் அதனுள் சி.டி.யும் பத்திரம். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கிறார். "ஐயா, இது நான் பொறக்குறதுக்கு முந்தின மாடலு" என்று சிரித்துக்கொண்டே பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது முயற்சியில் சி.டி. சுற்றியது. அந்த அறுபதுகளின் இசை கிளம்பியதும் மகள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இல்லை.

பேத்தி முதல் நாளே பழகிவிட்டாள். இரண்டாம் நாள் ஒரு கதவோரம் ஒளிந்து நின்று அசையாமல் இருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு அடியாட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏன் பாப்பா, சுடலையா?" என்றேன்.

"சும்மா இருங்க ஐயா, அவங்க பேசி முடிக்கட்டும்."

விடுமுறை முடிந்து ஊருக்குப் போகும்வரை பாட்டுக்காரி வரும் இடத்தை அவள் எட்டவில்லை. ஆடியதுவரை சேமித்து வைத்திருக்கிறாள், காலாண்டு விடுமுறைக்கு வருகிறாள். சும்மா போட்டு வைத்தால் ஹார்ட் டிஸ்க் இறுகிவிடும், வாரம் ஒரு தடவை ஓட்டி வையுங்கள் என்று மெக்கானிக் தம்பி சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்டுகிறேன்.