வராத பெட்டியின் படம்

திருச்சுழிக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் காடு உண்டு. அதில் போர் போடலாம் என்று அப்பா முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். நரிக்குடிப் பக்கமிருந்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டுக்கொண்டு அவர் காட்டின் குறுக்கே மெதுவாக நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. பக்கத்தில் ஒரு கரையான் புற்று. “புத்து இருக்கு, கிட்டத்துலயே வேம்பு தளுத்து நிக்குது. ஓட்டம் இங்கதான்யா” என்றார். தண்ணீர் வரத்தான் செய்தது. கையில் ஏந்தி வாயில் வைத்த அப்பா துப்பிவிட்டார். உப்பு.

அடையாளம் பொய்யில்லை. தண்ணீர் இருந்தது, நாங்கள் நினைத்த தண்ணீராக இல்லை. என் அக்கா மகன் அடுத்து வரப்போகும் பிளேஸ்டேஷன் வீடியோ கேம் பெட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த உப்புத் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவன் மதுரையில் பிளஸ் டூ படிக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்தால் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டுவான். “மாமா, இந்தத் தடவ ரெண்டா வருமாம். ஒண்ணு டிவிக்கு, ஒண்ணு கையில வச்சு ஆடுறதுக்கு.” யாரோ கணினியில் செய்த படங்கள் வரிசையாக வரும். ஒன்று கூழாங்கல் போல, இன்னொன்று அகல்விளக்கு போல. அதைச் செய்யும் சோனி இதுவரை வாய் திறந்து சொன்னது மிகக் கொஞ்சம். 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷனின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினுடன் சேர்ந்து பேசியபோது, சில ஆண்டுகளில் வரப்போகும் கருவியின் சில்லு என்னென்ன செய்யும் என்று விளக்கினார். பெட்டி எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த ஒரு சொல் இல்லாததால்தான் ஆயிரம் படங்கள்.

இந்த ஊகக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களும் புற்றையும் வேம்பையும்தான் தேடுகிறார்கள். 2019 ஆகஸ்டில் பிரேசில் நாட்டுக் காப்புரிமைப் பதிவிலிருந்து ஒரு கோட்டுப் படம் வெளியே வந்தது. நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு பெட்டி. விண்ணப்பித்தது சோனி. ‘வி’ என்றால் ரோமானிய எண்ணில் ஐந்து. வரவிருந்ததோ ஐந்தாவது பிளேஸ்டேஷன். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அந்தக் கோட்டுப் படத்துக்கு வண்ணமும் நிழலும் கொடுத்து, வரவேற்பறை மேசையில் வைத்ததுபோல் படங்கள் செய்து தள்ளினார்கள். படமும் உண்மை, பெட்டியும் உண்மை. ஆனால் அது ஆட்டங்களை உருவாக்கும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கொடுத்த பட்டறைப் பெட்டி, வீட்டுக்கு வருவதற்கானது இல்லை. 2020 ஜூன் 11 அன்று சோனி காட்டியது வேறு: இரண்டு வெள்ளை இதழ்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நிற்கும் கறுப்பு உடம்பு. ஆறு மாதம் முன்னால் மைக்ரோசாப்ட் காட்டியிருந்த எக்ஸ்பாக்ஸோ 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சதுரத் தூண். அது குளிர்சாதனப் பெட்டி போல இருக்கிறது என்று உலகமே சொன்னது.

ஏன் தூண், ஏன் இதழ் என்று தேடிப் படித்தபோது எனக்குப் புரிந்தது, இரண்டுமே சூட்டுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்பது. எக்ஸ்பாக்ஸ் தூணின் உச்சியில் ஒரே ஒரு பெரிய விசிறி. கீழிருந்து காற்றை இழுத்து மேலே தள்ளுகிறது. பிளேஸ்டேஷன் 39 சென்டிமீட்டர் உயரமும் நாலரைக் கிலோ எடையுமாக வளர்ந்ததற்கும் உள்ளே இருக்கிற விசிறியும் வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடுகளும்தான் பெரும் காரணம். எங்கள் பக்கம் சீமைக்கருவேலங்கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். மூட்டத்தின் கூம்பு வடிவம், மேலே பூசிய மண், அடியில் விட்ட சின்னச் சின்னத் துவாரம் எல்லாமே சூடும் காற்றும் எவ்வளவு போகவேண்டும், எவ்வளவு தங்கவேண்டும் என்பதற்காகத்தான். அங்கே சூட்டைப் பிடித்துவைக்க ஒரு உருவம், இங்கே விரட்டிவிட ஒரு உருவம்.

அந்த பிளேஸ்டேஷனோடு வரும் சிறு புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் இயக்கவும். பங்குனி பிறந்துவிட்டால் திருச்சுழியில் நண்பகல் முப்பத்தைந்துக்குள் அடங்கும் நாள் குறைவு. சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு மாதிரி வருத்தமாக இருந்தது. பெட்டியை வரைந்தவர்கள் மனதுக்குள் ஒரு வீட்டை வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் குளிர்காற்று இருக்கிறது, அகலமான டிவி இருக்கிறது, போகாத மின்சாரம் இருக்கிறது. வராத பெட்டியை வரைகிறவன் யாராக இருந்தாலும் முதலில் ஒரு வீட்டைத்தான் வரைகிறான் என்பது என் எண்ணம். இதை நான் ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

1994-ஆம் வருஷம் அது. தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில் டயனோராவோ சாலிடேரோ கறுப்பு வெள்ளை டிவி. எங்கள் வகுப்பில் ஒருவனுடைய சித்தப்பா சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். பொங்கலுக்கு வரும்போது ‘டிவி கேம்’ கொண்டுவருவதாகக் கடிதம் போட்டிருந்தார். டிவியில் தெரிகிற ஆளை நாம் ஓட்டலாம் என்பதற்குமேல் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. பொங்கலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் அதை வரைந்துகொண்டே இருந்தோம்.

ஒருத்தன் வரைந்தது தையல் மிஷின் மாதிரி, பக்கத்தில் சக்கரம் வைத்து இருந்தது. அவன் அம்மா தைக்கிறவர். அருப்புக்கோட்டையில் தாத்தா வீட்டுத் தறியைப் பார்த்து வளர்ந்தவன் காலடியில் மிதிபலகை வைத்தான். மிதித்தால் உள்ளே இருக்கிறவன் ஓடுவான் என்றான். எங்கள் வீடு பஸ் போகும் ரோட்டோரம், அதனால் நான் ஸ்டியரிங் வரைந்தேன். கடைசி பெஞ்சில் என்னோடு உட்காரும் ஒருவன் மட்டும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதற்குள்ளேயே குட்டியாக ஒரு திரை வரைந்து, கீழே ரெண்டு பொத்தான் வைத்திருந்தான். “இதுக்கு டிவி எங்கடா?” என்று கேட்டோம். “டிவி வேணாம். கரண்டும் வேணாம். பேட்டரிக்கட்டை போட்டா ஓடும்” என்றான். டிவி இல்லாமல் டிவி கேமா என்று எல்லாரும் சிரித்தோம், நானும்தான். அவன் வீட்டில் டிவி இல்லை. மின் இணைப்பே இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் படத்தில் எங்களுக்கு அது தெரியவில்லை.

பொங்கலுக்குப் பெட்டி வந்தது. சாம்பல் வெள்ளை பிளாஸ்டிக், மேலே ஒரு மூடி, மூடிக்குக் கீழே மஞ்சள் கேசட், குட்டை வயரில் ரெண்டு ரிமோட். வயர் எட்டாமல் டிவிக்கு மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்தோம். டிவியின் சேனல் குமிழைத் திருகிக்கொண்டே போனால் இரைச்சலுக்கு நடுவில் மரியோ வந்து நின்றான். கேசட் பிடிக்காவிட்டால் எடுத்து ஊதிப் போடுவோம். ஊதியதால் இல்லை, எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் அது பிடித்தது என்பதும், எச்சில் ஈரம் உள்ளே இருக்கும் உலோகப் பல்லை அரிக்கும் என்பதும் ரொம்பப் பின்னாடி தெரிந்துகொண்டது. கான்ட்ரா என்ற ஆட்டத்தில் மூன்றாவது கட்டம் தாண்டும்போது கரண்ட் போகும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பெட்டி நின்டெண்டோவின் ‘ஃபேமிகாம்’ கருவியைப் பார்த்துச் செய்த நகல்களில் ஒன்று. அசல் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே கருவியை 1985-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ அதன் உருவத்தையே மாற்றிவிட்டது. அங்கே 1983-இல் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டதால் கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே வேண்டாம் என்றார்கள். அதனால் வீட்டு வீடியோ டெக்கைப் போல, முன்பக்கம் கதவு திறந்து கேசட் உள்ளே போகிற சாம்பல் பெட்டியாகச் செய்தார்கள். உள்ளே இருந்த ஆட்டம் அதே ஆட்டம்தான். போய்ச் சேரவேண்டிய வீட்டுக்கு ஏற்ற உடுப்பு மாட்டிவிட்டார்கள்.

உருவம் பெரிய வாக்குறுதி. அதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 2001-இல் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு மில்லில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். அந்தக் காசில் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு பெட்டி வாங்கினேன். பத்திரிகையில் நான் பார்த்திருந்த பிளேஸ்டேஷனே கண்முன் இருந்தது. அதே சாம்பல் நிறம், அதே வட்ட மூடி. பஸ்ஸில் அரை மணி நேரமும் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. வீட்டில் வந்து வட்ட மூடியைத் திறந்தால் தட்டு சுழலவேண்டிய இடத்தில் கேசட் செருகும் பள்ளம். போட்டேன். மரியோ வந்தான். ஆறு வருஷத்துக்கு முந்திய அதே மரியோ. அதற்குள் ஃபேமிகாமின் மொத்த மூளையும் நகம் அளவு சில்லுக்குள் அடங்கி, ஒரு சொட்டுக் கறுப்புப் பசைக்கு அடியில் போயிருந்தது. அதை எந்தக் கூட்டுக்குள் வேண்டுமானாலும் வைக்கலாம். புதுசு எங்கள் ஊருக்கு வரவில்லை, அதன் கூடு மட்டும் வந்திருந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அக்கா, “நல்லாத்தானடா இருக்கு” என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாள். அவள் மகன்தான் இன்று எனக்குப் படம் காட்டுகிறவன்.

கடைசி பெஞ்சுக்காரனின் சோப்பு டப்பாவுக்கு வருகிறேன். நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்றொருவர் இருந்தார். ரயிலில் ஒரு அலுவலகப் பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதிலிருந்துதான் 1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற உள்ளங்கைக் கருவி பிறந்தது. மற்றவர்கள் புதுத் தொழில்நுட்பத்துக்காக ஓடும்போது, பழகி விலை இறங்கிய பொருளை எடுத்து அதற்குப் புதுப் பயன் காண்பது அவர் வழி. 1989 ஏப்ரலில் அவர் குழு கொண்டுவந்த ‘கேம் பாய்’ அப்படிப்பட்டதுதான். பாசி நிறத்தில் மங்கலான திரை, பின்னால் வெளிச்சம் கிடையாது. நான்கு சின்ன பேட்டரிக்கட்டை போட்டால் பத்து மணி நேரத்துக்குமேல் ஓடும். வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தவை ஆறு கட்டைகளைத் தின்றுவிட்டு நான்கைந்து மணி நேரத்தில் அணைந்துபோயின. கேம் பாய்தான் நிலைத்தது.

டிவி வேண்டாத, கரண்ட் வேண்டாத பெட்டி உலகத்தில் ஐந்து வருஷமாக விற்றுக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். தறிக்காரப் பேரனின் மிதிபலகையும்கூட இருந்தது. பந்தாய் நிறுவனம் 1986-லேயே காலால் மிதித்து ஆடும் விரிப்பு ஒன்றை ஃபேமிகாமுக்குச் செய்திருந்தது. திருச்சுழியில் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்து நாங்கள் வரைந்தவை யாரோ எங்கோ வேறொரு தேவையைப் பார்த்துச் செய்தவையாக இருந்தன. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளின் கற்பனை குறைந்தது இல்லை என்று நான் சொன்னால் அது ஊர்ப்பாசம் மட்டும் கிடையாது.

பிறகு எல்லா வீட்டுக்கும் டிவி வந்தது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியில்தான் எங்கள் தெருவில் அடுத்த தலைமுறை மரியோ ஆடியது. 2012 வாக்கில் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது அதையும் மூடி வைத்தார்கள். அந்த வருஷங்களில் நான் அந்தச் சோப்பு டப்பாவை நினைக்காத நாள் குறைவு. 2016 அக்டோபர் 20 அன்று நின்டெண்டோ, டிவியிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ‘ஸ்விட்ச்’ கருவியைக் காட்டியது. அந்த வருஷம் மார்ச்சில் அதன் படம் என்று பரவியது யாரோ வீட்டில் செய்த போலி. ஜூலையில் ‘கைப்பிடி கழலும்’ என்று வந்த செய்தி அப்படியே பலித்தது. இந்தியாவில் நின்டெண்டோ அதை முறையாக விற்கவே இல்லை. இன்றும் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சித்தப்பாதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

போன லீவில் மருமகனிடம் ரூல் போட்ட நோட்டைக் கொடுத்து, “மாப்ளே, போன்ல வேணாம். நீ நினைக்கிறத நீயே வரை” என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு தட்டையான பெட்டி வரைந்தான். பக்கவாட்டில் முழுக்கத் துளை. “காத்து போகணும்ல மாமா, நம்ம வீட்டு ஹால்ல அனல் அடிக்குது” என்றான்.

அன்றைக்கே என் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். “ஆறாப்புல ஒரு படம் வரஞ்சியே, சோப்பு டப்பா கணக்கா, ஞாபகம் இருக்காடா?” என்றேன். கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“பேட்டரிக்கட்டை போடுற எடத்தப் பின்னாடி வச்சிருந்தேன்டா. மூடி தொலஞ்சிரும்னு அதுக்கு ஒரு கயிறுகூடக் கட்டியிருந்தேன். பேப்பருக்குப் பின்பக்கம் வரஞ்சிருந்தேன். நீங்க யாரும் திருப்பிப் பாக்கல.”