விண்கல விளையாட்டும் உலகின் உண்மையும்

உலகம் மெய்யோ பொய்யோ என்னும் வினா நம் சமய நூல்களிற் பன்னூறாண்டுகளாக ஆராயப்பட்டு வருவதொன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் மாயாவாதியின் கூற்றை எடுத்து மறுத்தமையும், உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்தில் அதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தமையும் இவ்வெளியீட்டின் அன்பர்கள் நன்கறிவர். அவ்வினா இக்காலத்தே ஏட்டுச்சுவடியை விட்டுக் கணிப்பொறித் திரையின் வழியாகச் சிறுவர் வாயிலும் வந்து புகுந்திருக்கின்றது. மயிலாப்பூரில் எம் இல்லத்தில் அங்ஙனம் எழுந்த வினாவையும், அதனைப் பற்றி யான் எண்ணியவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வினாவிற்கு இடமாய் நின்றது என் பெயரன் பயிலும் 'ஆர்பிட்டர்' என்னும் விண்கல விளையாட்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த மார்ட்டின் ஷ்வைகர் என்பார் இதனை இயற்றி 2000-ஆம் ஆண்டில் விலையின்றி யாவர்க்கும் வழங்கினார். 2021-இல் இதன் மூலநிரலையும் வெளியிட்டார். விளையாட்டு எனப் பெயர் பெற்றதேனும் இதன்கட் பகைவரில்லை, படைக்கலமில்லை, வென்றோர்க்குப் பரிசுமில்லை. ஞாயிறும் நிலவுலகும் திங்களும் ஏனைக் கோள்களும் வானநூற் கணிதப்படி அவ்வந்நாளில் எவ்விடத்து நிற்குமோ அவ்விடத்தே திரையில் நிற்கின்றன. ஆடுவோன் ஒரு கலத்தைத் தரையினின்றெழுப்பி, உலகைச் சுற்றி வரச்செய்து, அங்குள்ள நிலையத்தோடு பொருத்தலாம். திங்களிற் கொண்டுபோய் இறக்கலாம். பொறுமையில்லார்க்கு இஃது ஏற்றதன்று. ஒரு நொடி மிகையாகச் செலுத்திய விசையின் பயன் முக்கால் மணி கழித்து உலகின் மறுபுறத்தே வெளிப்படும்.

கண் கெடுமோ படிப்புக் கெடுமோ என்னும் ஐயத்தால் அவனைக் கண்காணிக்கவே யான் முதலில் அருகமர்ந்தேன். "தாத்தா, சும்மா பார்த்துக்கொண்டிருப்பானேன், நீங்களும் ஓட்டிப் பாருங்கள்" என்று அவன் விசைப்பலகையை என்பால் நகர்த்தினான். அதுமுதல் மாலைப் பூசைக்குப் பின் ஒரு நாழிகை யானும் பயின்று வருகின்றேன்.

என்னைப் பெரிதும் ஈர்த்தது, ஒரு கலம் தனக்கு முன்செல்லும் மற்றொன்றைச் சென்று சேரும் முறையாம். மாடவீதியில் முன்னே போகும் தேரை எட்டிச் சேர விரும்புவோன் விரைந்து நடப்பான். விண்ணில் அவ்வாறு செய்யிற் காரியங் கெடும். முன்னோக்கி விசை கொடுத்த கலம் உயர்ந்து நீண்ட பாதையிலேறி, அதனாலேயே பின்தங்கும். ஆகவே முன்செல்வதை எய்த வேண்டுவோன் விசையை எதிர்முகமாகச் செலுத்தித் தன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். குறைத்தவுடன் கலம் தாழ்ந்து குறுகிய பாதையிற் புகுந்து விரைந்து முன்னேறும். பின்னர்க் காலம் பார்த்து உயர்த்த, இரண்டும் ஒருங்கு நிற்கும். நிலத்தினின்று 400 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் விரைந்து ஒன்றரை மணிச் சொச்சத்தில் உலகை வலம் வருகின்றது. 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திங்களோ நொடிக்கு ஒரு கிலோமீட்டரளவே சென்று 27 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றது. அணுகியது விரைந்தும் அகன்றது மெல்லவும் செல்லும் என்பது கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதியினின்று பெறப்படுவது.

இது திரைமுன் அமர்ந்தார்க்கு மட்டும் உரிய வியப்பன்று. 1965 ஜூன் திங்களில் ஜெமினி 4 என்னுங் கலத்திற் சென்ற மக்டிவிட், தம் கலத்தினின்று கழன்ற ஏவுகணைப் பகுதியை அணுகக் கருதி, அதனை நோக்கியே விசை செலுத்தினார். அஃது அகன்றது, எரிபொருளும் செலவாயிற்று, முயற்சி கைவிடப்பட்டது. நெறியறிந்து சென்ற ஜெமினி 6ஏ அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் ஜெமினி 7-க்கு ஓரடித் தொலைவில் சென்று நின்றது. நம் நாட்டார் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவிய இரு சிறு கலங்களும் இந்நெறியினவே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோகிராம் எடை. குறித்த நாள் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஒருகால் மூன்று மீட்டர் வரை நெருக்கி மீண்டும் விலக்கி ஆராய்ந்தனர். 2025 ஜனவரி 16-ஆம் நாள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. அந்நாட்களில் எம் இல்லத்துத் திரையிலும் இரு கலங்கள் நெருங்குவதும் விலகுவதுமாகவே இருந்தன.

அப்பொழுதுதான் பெயரன் கேட்டான்: "தாத்தா, இந்த விளையாட்டே இவ்வளவு மெய்யாக இருக்கிறதே, நாம் வாழும் உலகமும் யாரோ ஒருவர் கணிப்பொறியில் நடத்தும் விளையாட்டாக ஏன் இருக்கக்கூடாது?"

இவ்வினா அவன் தானே புனைந்ததன்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து நிக் பாஸ்ட்ரம் என்பார் 2003-இல் ஒரு கட்டுரையில் இதனைத் தருக்க முறையில் நிறுத்தினார். பின்வருங் காலத்து மக்கள் மிக்க ஆற்றலுடைய பொறிகளில் நம்மையொத்த எண்ணிறந்த உயிர்களைப் புனைந்தியற்ற வல்லராய், அங்ஙனம் இயற்றவும் விரும்புவராயின், மெய்யுயிரினும் புனைந்த உயிரே மிகப்பலவாம். ஆகவே நாமும் அப்பலவற்றுள் அடங்கினோம் எனக் கோடலே பொருத்தமாம் என்பது அதன் ஒரு கிளை.

தியாகராய நகரில் வாழும் என் நண்பரொருவர் வேதாந்த நூல்களில் வல்லவர். இதனைக் கேட்டு நகைத்து, "பண்டிதரே, உம் பெயரன் எம் கட்சிக்கு வந்துவிட்டான்" என்றார். எங்களிருவர்க்கும் நாற்பதாண்டு நட்பு, நாற்பதாண்டு வழக்கு. அவர் கட்சியிற் சிறுவன் ஒருவன் சேர்ந்தான் என்பதன்று என் கவலை. உலகம் விளையாட்டுத்தான் என்று நெஞ்சிற் பதியுமாயின் பிறனுக்குற்ற துன்பமும் திரையிற் கண்ட துன்பமாகவே அவனுக்குத் தோன்றிவிடுமன்றோ?

முதற்கண் நண்பருக்கு விடை. கயிற்றிற் பாம்பு தோன்றுதல் போல உலகம் தோன்றுகின்றது என்பார் அவர். பாம்பை ஒருகாலும் கண்டறியாதவனுக்குக் கயிறு பாம்பாகத் தோன்றாது என்று திருமடத்தில் யான் பாடங்கேட்ட நாளிற் கற்பித்தனர். அதுவே ஈண்டும் ஒக்கும். திங்களும் நிலவுலகும் உளவாகலின் அவற்றைப் போன்மையாகத் திரையில் இயற்ற முடிந்தது. போன்மை உண்டென்பது மூலம் உண்டென்பதற்குச் சான்றாமேயன்றி மூலம் இல்லையென்பதற்குச் சான்றாகாது.

இதற்கு நம் நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. சந்திரயான் 2-இன் இறங்குகலமாகிய விக்ரம் 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் திங்களின் தரையை எய்துமுன் தொடர்பற்று வீழ்ந்தது. அதன் சிதைவு எங்கே கிடந்ததென்று அறிதல் அரிதாயிருந்தது. சென்னைப் பொறியாளராகிய சண்முக சுப்பிரமணியன், அமெரிக்க நாசா நிறுவனத்தின் சுற்றுகலம் எடுத்து வெளியிட்ட படங்களில் விழுமுன் எடுத்ததனையும் விழுந்தபின் எடுத்ததனையும் தம் கணிப்பொறித் திரையில் ஒப்புநோக்கி, முன்னில்லாத ஒரு சிறு புள்ளியைக் கண்டறிந்து தெரிவித்தார். நாசா ஆராய்ந்து அதனை மெய்யென ஏற்று அவ்வாண்டு டிசம்பரில் அவர் பெயரோடு வெளியிட்டது. அவர் கண்டது திரையிலுள்ள புள்ளியே. ஆயினும் அப்புள்ளிக்குப் பின்னே திங்கள்மேற் கிடந்த உலோகத் துண்டு ஒன்று இருந்தது. திரை பொய்யென்று ஒதுக்கியிருந்தாலும், புள்ளியே பொருளென்று மயங்கியிருந்தாலும் அவர் அதனைக் கண்டிரார்.

பெயரன் இவ்வளவில் விடவில்லை. "விளையாட்டிலும் விதி என் விருப்பத்துக்கு வளைவதில்லை, தாத்தா. அதை இயற்றியவர் வைத்த விதிக்கு நான் கட்டுப்படுகிறேன். உலகத்திலும் அப்படித்தானே?" என்றான். நல்ல வினா. இங்ஙனம் வினவுவோன் மாயாவாதியல்லன் என்பதை நண்பர் நோக்கவில்லை. 'யாரோ ஒருவர் நடத்துகின்றார்' என்றபோதே அவன் நிமித்த காரணன் ஒருவனை உடன்பட்டான். தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு அறிவுடைய கருத்தா ஒருவன் உளன் என்பது மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் நிறுவிய பொருள். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன். விளையாட்டுக்கும் இம்மூன்றும் உள, உலகுக்கும் உள. மாயை என்று நாம் கூறுவது மயக்கத்தையன்று. உலகம் எதனினின்று தோன்றி எதன்கண் ஒடுங்குமோ அவ்வுள்பொருளை. இவ்வளவும் பெயரன் எளிதில் ஏற்றான்.

வேற்றுமை எங்கேயெனின், விளையாட்டில் துய்ப்பவன் திரைக்கு வெளியே இருக்கின்றான். உள்ளிருக்குங் கலத்துக்குப் பசியில்லை, நோயில்லை. இவ்விளையாட்டில் விண்ணில் இரு கலங்கள் நேர்ப்படின் மோதுதலின்றி ஒன்றனூடே மற்றொன்று புகுந்து செல்லும். எரிபொருள் குறையாதிருக்க வேண்டுமென்று முன்னரே குறித்துக்கொள்ளவும் இதில் இடமுண்டு. (அக்குறியை நீக்கிவிட்டு ஆடும்படி அவனுக்குச் சொல்லியிருக்கின்றேன்.) கலம் தரையில் வீழ்ந்தாலோ, சேமித்து வைத்த முன்னைய நிலைக்கு மீண்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

இம்மீட்சியைக் கண்டு அவன், "பூம்பாவையை உயிர்ப்பித்ததும் இப்படித்தானா?" என்று வினவினான். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் விழாநாட் காலையில் கபாலீச்சரத்தே ஆண்டுதோறும் நடைபெறும் அந்நிகழ்ச்சியை அவன் பிள்ளைப் பருவமுதல் கண்டு வருகின்றவன். அன்றென்று கூறினேன். சிவநேசர் திருமகளார் அரவு தீண்டி இறந்தது ஏழாம் வயதில். திருஞானசம்பந்த சுவாமிகள் அருளால் குடத்தினின்றெழுந்தது பன்னிரண்டு வயதுடைய நங்கையாக. சேக்கிழார் பெருமான் அவ்வயதை எடுத்துரைத்தது கருதத்தக்கது. அரவு தீண்டாத முன்னைநாள் மீண்டு வந்ததன்று. தந்தை துயருற்ற ஆண்டுகள் துடைக்கப்படவுமில்லை. கழிந்த காலம் கழிந்ததாகவே நிற்க, அதன்மேல் அருள் நிகழ்ந்தது.

விக்ரம் வீழ்ந்த இரவை மீட்டுவைக்க ஒரு விசையும் இருந்ததில்லை. அதனைக் கட்டியோர் நான்காண்டு உழைத்து, இறங்குகலத்தின் கால்களை வலிவுபடுத்தி, எரிபொருளை மிகுத்து, 500 மீட்டர்ச் சதுரமாயிருந்த இறங்குகளத்தை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமும் உடையதாக விரித்து, 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான் 3-ஐ இறக்கினர். விழுப்புரத்திற் பிறந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்று பெயரிட்டனர். உலக வானியற் கழகமும் 2024 மார்ச்சில் அப்பெயரை ஏற்றது. பெயர் மகிழ்ச்சிக்குரியதே, இறைவன் அங்கே அன்று புதிதாகச் சென்றானல்லன் என்பதை மட்டும் சொல்லி வைப்போம். பொறியிற் பலகாற் பயின்றது அவர்க்குத் துணையாயிற்றென்பது மெய். ஆயினும் பயிற்சிக்கும் பட்டறிவுக்கும் இடையே அந்நான்காண்டு கிடக்கின்றது.

"அப்படியானால் இறைவன் செயலைத் திருவிளையாடல் என்பதேன்?" என்றும் கேட்டான். எளிதிற் செய்தல் பற்றி அப்பெயர், பயன் இறைவனுக்கன்று. உயிர்களின் மலம் நீங்குதற்பொருட்டே தனு கரண புவன போகங்கள் தரப்பட்டன.

எஞ்சி நிற்பது பாஸ்ட்ரம் கூற்றின் அடிப்படை. அறிவென்பது இன்ன பொருளில்தான் நிகழும் என்னும் வரையறையின்று. உரிய அமைப்பு வாய்க்குமாயின் எப்பொறியிலும் அறிவு உண்டாம் என்று அவர் முன்னரே கொண்டு தொடங்குகின்றார். இது வேதாந்தமன்று. வெற்றிலை பாக்குச் சுண்ணாம்பு கூடியவழிச் செம்மை தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்ற உலகாயதன் கொள்கையே புதுவுடை உடுத்து வந்தது. இதனை நண்பரிடம் கூறியபோது அவரும் என் பக்கம் நின்றார். நாற்பதாண்டில் இஃது அரிய நிகழ்ச்சி. கூட்டத்தாற் பிறந்த செம்மை தன்னைச் செம்மையென்று அறிவதில்லை. திரையிற் செல்லுங் கலமும் தான் செல்வதை அறியாது. அறிகின்றவன் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன்.

பெயரனுக்கு இது முழுதும் உடன்பாடாயிற்றெனக் கூறுதற்கில்லை. "இன்றைய பொறிகள் கேட்ட கேள்விக்கு விடை சொல்கின்றன; பாட்டும் எழுதுகின்றன. அவற்றுக்கு அறிவில்லை என்று வெற்றிலை பாக்கைக் காட்டி எப்படி மறுப்பீர்கள்?" என்கின்றான். உலகாயதனை எதிர்நின்று மறுத்த நம் ஆசிரியர் காலத்தில் பேசுவது உயிருடையது ஒன்றேயாயிருந்தது. இன்று பேசும் பொறியையே சான்றாக நிறுத்துகின்றனர். பரபக்கத்து உலகாயத மறுப்பை இப்பொறிகளை எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு கல்லூரி மாணவனும் படித்தறியுமாறு எழுத வல்லார் இவ்வெளியீட்டின் அன்பருள் உளராயின் எழுதுக. அக்கட்டுரை எம் இல்லத்துக்கு வரும் திங்களில், எனக்கு முன் அதனைப் பிரித்துப் படிப்பவன் அவனாகவே இருப்பான்.