அலைக்கேற்ற பலகை

நெய்தல் திணையைப் பாடம் நடத்திய ஆண்டுகளிலெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. திமில், அம்பி, பஃறி, தோணி, நாவாய், வங்கம் என்று நீரில் செல்வனவற்றுக்கு நம் முன்னோர் ஏன் இத்தனை பெயர்களை வைத்தார்கள்? வகுப்பில் கேட்டால், "எல்லாம் படகுதானே, ஐயா!" என்பார்கள் மாணவர்கள். தேர்வுக்கு அந்த விடை போதும். ஆனால், கடலோடு வாழ்ந்தவன் ஒரே பொருளுக்கு ஆறு பெயர் சூட்டி அழகு பார்க்கிறவன் அல்லன். கழியில் உப்பு ஏற்றிச் செல்ல ஒன்றும், அலையைக் கடந்து மீன் பிடிக்க மற்றொன்றும், நெடுங்கடல் தாண்டப் பிறிதொன்றும் அவனுக்கு வேண்டியிருந்தன. நீர் வேறுபட்டது, அதனால் கலம் வேறுபட்டது, கலம் வேறுபட்டதால் பெயரும் வேறுபட்டது.

இந்த உண்மையை நான் நூல்களிலிருந்து கற்றேன் என்று சொல்ல முடியாது. பணி ஓய்வு பெற்றுக் குவாந்தானில் குடியிருக்கும் இந்நாளில், என் தங்கை மகனுக்கு ஒரு பலகை வாங்கித்தர நேர்ந்தபோதுதான் அது எனக்கு விளங்கிற்று.

என்ன பலகை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீளமான பலகை ஒன்றின்மேல் நேராக நின்று, ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் விளையாட்டு இப்பொழுது உலகெங்கும் பரவியிருக்கிறது. ஹவாய்த் தீவின் வைக்கீக்கிக் கடற்கரையில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, அலைச்சறுக்குக் கற்றுத்தந்தவர்களுள் சிலர் இவ்வாறு நின்று துடுப்பு வலித்தனர். 2000-ஆம் ஆண்டையொட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்றவர்கள் அதற்குப் புத்துயிர் ஊட்டினார்கள். தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் இல்லை. 'துடுப்புப் பலகை' என்று நான் சொல்லி வருகிறேன். பெயர் புதிதாக இருக்கலாம். காட்சி நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தின்மேல் நின்றும் முழந்தாளிட்டும் துடுப்பு வலித்து, நுரைத்து உடையும் அலைகளைத் தாண்டிய மீனவர்கள் வேறென்ன செய்தார்கள்? கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்தில் புகுந்து, அங்கே இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராகிவிட்டது என்பது தனிக்கதை.

என் தங்கை தெமெர்லோவில் இருக்கிறாள். 2014 டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களை மூழ்கடித்த வெள்ளத்தை இந்நாட்டில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பகாங் ஆறு அவள் வீட்டுக் கூரையைத் தொட்டது. ஏழு வயது மகனைத் தோளில் சுமந்துகொண்டு, மார்பளவு நீரில் அவள் நடந்து வந்தாள். அன்று முதல் அவளுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் உறக்கம் வராது. மகனோ அதே வெள்ளத்திலிருந்து வேறொன்றைக் கற்றுக்கொண்டான் போலும். நீச்சல் பழகினான், பள்ளிப் போட்டிகளில் நீந்தினான், இப்பொழுது பதினெட்டு வயதில், செராத்திங் கடலில் அலையேற வேண்டும் என்கிறான். கணவனை இழந்தவள்; ஒரே பிள்ளை. மறுத்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் தொலைபேசியில் என்னிடம், "அண்ணே, அவன் எப்படியும் போகத்தான் போறான். எதுல போகணும்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி" என்றாள். அந்த 'நீங்க சொன்னா சரி' என்னும் சொல்லின் பாரம் எனக்கல்லவா தெரியும்!

நகரத்துக் கடையொன்றில் விற்பனையாளர் ஒருவர் எங்களை வரவேற்றார். "எல்லா அலைக்கும் இந்த ஒரு பலகை போதும், சார்" என்று, 10 அடி 6 அங்குல நீளமும் 32 அங்குல அகலமும் கொண்ட, காற்றடைத்த பலகை ஒன்றை எடுத்து நிறுத்தினார். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் விற்றவர்களை நான் தோட்டத்துச் சந்தைகளில் கண்டிருக்கிறேன். ஆகவே வாங்காமல் திரும்பினேன். அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டு திங்கள், இலக்கணம் படித்த அதே அக்கறையுடன் பலகையைப் படித்தேன்.

முதலில் மிதப்பு. பலகையின் கொள்ளளவை லிட்டரில் குறிக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதும், தான் விலக்கிய நீரின் எடையளவுக்கே ஒரு பொருள் தாங்கப்படும் என்பதும் பள்ளிப்பாடம். மருமகனின் எடை 62 கிலோ. பலகை, துடுப்பு, நனைந்த உடை எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோ. ஆக 72 கிலோவைத் தாங்க, கடல்நீர் சற்று அடர்த்தி மிகுந்தது என்பதையும் கணக்கில் கொண்டால், 70 லிட்டர் வேண்டும். அந்த அளவே உள்ள பலகையில் அவன் நின்றால் அது நீர்மட்டத்தோடு அமிழ்ந்து கிடக்கும். கைதேர்ந்தவர்கள் அப்படிப்பட்ட பலகையிலும் நிற்கிறார்கள். அலையில் அது விருப்பம்போல் திரும்பும். கற்றுக்கொள்பவனுக்கோ அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மிதப்பு இருத்தல் நலம். எனவே 120 முதல் 130 லிட்டர் என்று குறித்துக்கொண்டேன்.

ஆனால், மிதப்பு மட்டும் போதுமென்றால் தென்னங்கட்டையே போதும். அலை எத்தகையது என்பதே வினா. அலையை மக்கள் உயரத்தால்தான் அளக்கிறார்கள். முழங்கால் அளவு, இடுப்பளவு, தலைக்குமேல் என்பார்கள். அதைவிடப் பொருள் உடையது, ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நேரம். ஆழ்கடலில் அந்த நேரம் 6 வினாடியானால் முகடுகளுக்கு இடையிலான தொலைவு ஏறக்குறைய 56 மீட்டர். 12 வினாடியானால் 224 மீட்டர். நேரம் இரட்டித்தால் நீளம் நான்கு மடங்காகிறது. பசிபிக்கின் தொலைதூரப் புயல்களிலிருந்து ஹவாய்க்கு வரும் அலைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒழுங்கான வரிசையில், இடைவெளி விட்டு, ஆற்றலைச் சுமந்து வருபவை. நம் செராத்திங்கில் நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் பெரும்பாலும் முதல் வகையின. தென்சீனக் கடலிலேயே பிறந்து, அதே காற்று முதுகில் தள்ள, ஒன்றன்மேல் ஒன்று முண்டியடித்துக்கொண்டு வருபவை. மலாய் மக்கள் 'தெங்குஜு' என்று அழைக்கும் காலம் அது. காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசுவதால் நீர்ப்பரப்பு எப்பொழுதும் கலங்கிக் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வேறுபாட்டை அறியாமல், வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பலகை வாங்குகிறார்கள் நம் இளைஞர்கள். வைக்கீக்கியில் கடலடி மெல்லச் சரிகிறது; அலை சோம்பலாக உருண்டு நெடுந்தூரம் ஓடுகிறது; அங்கே நீண்ட பலகை அரசுபோல் செல்லும். பழைய ஹவாய்த் தலைவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த 'ஓலோ' என்னும் பலகை மிகவும் நீளமானது. பொதுமக்கள் ஏறிய 'அலாயா' குட்டையானது, மெல்லியது. குலுங்கும் நீரில் நிற்பவனுக்கு நீளத்தைவிட அகலமே துணை. 28 அங்குல அகலத்தில் அமைதியான நாளில் நிற்கக்கூடியவன், காற்று எழுந்த நாளில் 31 அங்குலத்தை நாடுவான்.

அலை உடையும் இடத்தையும் பார்க்கவேண்டும். ஓர் அலை, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது நிலைகுலைந்து உடைகிறது. ஒரு மீட்டர் அலை உடையும் இடத்தில் நீரின் ஆழம் ஒரு மனிதனின் மார்பளவே. கடலடி மெல்லச் சரிந்தால் அலை நுரையாகச் சிந்தி இறங்கும். திடீரென்று மேடிட்டால் முகடு முன்னோக்கி வளைந்து, சுவர்போல் எழுந்து, மொத்தமாக விழும். சிந்தும் அலைக்குத் தட்டையான பலகை ஏற்றது. அது விரைவாக ஓடி அலையைப் பிடித்துக்கொள்ளும். அதே தட்டைப் பலகையைச் செங்குத்தான அலைமேல் கொண்டு சென்றால் மூக்கு நீரில் குத்தி, ஏறியவனைத் தலைகீழாகத் தூக்கி எறிந்துவிடும். அங்கே மூக்கும் வாலும் வாழைப்பழம்போல் மேல்நோக்கி வளைந்த பலகை வேண்டும். அந்த வளைவுக்கு விலை உண்டு. அமைதியான நீரில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, ஏறாத மாடுபோல் நிற்கும்.

பலகையின் வாலையும் விளிம்பையும் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கேட்டால் தலை சுற்றும். சாரம் இதுதான்: சிற்றலையில் அகன்ற வால் தூக்கிக் கொடுக்கும், பேரலையில் கூரிய வால் பிடித்து நிறுத்தும். தடித்து உருண்ட விளிம்பு பிழை பொறுக்கும். மெல்லிய விளிம்பு அலையில் கத்திபோல் பதியும், ஆனால் பொறுக்காது. அடியில் பொருத்தும் துடுப்புச்சிறகு ஒன்றே பெரிதாக இருந்தால் பலகை நேரே செல்லும். ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1980-இல் உருவாக்கிய மூன்று சிறகு அமைப்பு, செங்குத்தான அலையில் பிடிப்பும் திருப்பமும் ஒருங்கே தந்ததால் அலைச்சறுக்கையே மாற்றியமைத்தது. இன்று அலையேறும் துடுப்புப் பலகைகள் பலவற்றிலும் அம்மூன்று சிறகுகளைக் காணலாம்.

இவ்வளவும் படித்தபின் பழைய சென்னைக் கரை எனக்கு நினைவுக்கு வந்தது. துறைமுகம் அமைவதற்கு முன் அங்கே கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தூக்கி மணலில் அறைந்தபோது, ஐரோப்பியரின் திண்ணிய படகுகள் உடைந்தன. தைத்த பலகைகளோ நெளிந்துகொடுத்துப் பிழைத்தன. அதே கரையில் கட்டுமரமும் இருந்தது. கோலா மீன் பிடிக்கச் செல்வதற்குக் கோலாமரம் என்றே தனியாக ஒன்று கட்டினார்கள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முயலவில்லை. 'எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும்' என்று எந்தப் பரதவரும் சொல்லியிருக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனுடன் உட்கார்ந்து பேசினேன். "மாமா, எனக்கு அலைதான் வேணும். ஆற்றுல போறதுக்கு எதுக்குப் பலகை?" என்றான். அவன் விருப்பம் 8 அடி 2 அங்குலமுள்ள, கூரிய வால் கொண்ட பலகை ஒன்றில் இருந்தது. கொள்ளளவு 95 லிட்டர். "தம்பி, இது தலைக்குமேல் எழும் அலைக்குச் செய்தது. இங்கே இடுப்பளவு அலையில் இது உன்னை ஏற்றாது, காற்றடிக்கும் நாளில் நிற்கவும் விடாது" என்றேன். அவன் முகம் வாடியது. வாடட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அவன் முகத்தை மலர்த்துவதற்காக நான் இணங்கியிருந்தால், தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

முடிவு இதுவாயிற்று. முதலில் அந்தக் காற்றடைத்த பலகையையே வாங்கினோம். எல்லா அலைக்குமாக அன்று, அலையே இல்லாத நீருக்காக. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் வரை அடித்தால்தான் அது விறைப்பாக நிற்கிறது. குறைந்தால் நடுவில் தொய்கிறது. அதன் தடித்த விளிம்பு அலையில் பதியாது. ஆற்றிலோ அதைவிட நல்லது இல்லை. ஏப்ரல் முதல் அவன் செராத்திங் ஆற்றில், கண்டல் மரங்களுக்கிடையே பழகி வருகிறான். கடலுக்கென்று 9 அடி 2 அங்குலமும் 31 அங்குல அகலமும் 130 லிட்டரும் கொண்ட, மூக்குச் சற்றே வளைந்த, அகன்ற வாலுள்ள திண்மப் பலகையை நவம்பரில் வாடகைக்கு எடுப்பது என்று பேசிக்கொண்டோம். இடுப்பளவு அலைவரை அதில் ஏறலாம். கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் எந்தப் பலகையும் இல்லை. இதற்கு அவன் கையடித்துக் கொடுத்திருக்கிறான்.

கயிற்றைப் பற்றித்தான் தங்கை திரும்பத் திரும்பக் கேட்டாள். பலகையையும் ஆளையும் பிணைக்கும் கயிறு கடலில் உயிர்க்கயிறு. கணுக்காலில் கட்டிக்கொண்டால், விழுந்தாலும் பலகை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். பின்னால் வருபவர்மேல் பாய்ந்து காயப்படுத்தாது. ஆனால், அதே கயிறு ஓடும் ஆற்றில் எமனாகக்கூடும். பலகை வேரின் ஒருபுறமும் ஆள் மறுபுறமும் சிக்கிக்கொண்டால், நீரின் இழுப்பில் குனிந்து கணுக்காலை அவிழ்க்க முடியாது. ஆகவே ஆற்றில் இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கியோடு கட்டவேண்டும். கடலுக்கு ஒரு கயிறு, ஆற்றுக்கு ஒரு கயிறு என்று சொன்னபோது, "கயிறு கூடவா, அண்ணே, ரெண்டு?" என்று கேட்டவள், சற்று நேரம் பேசாமலிருந்து, "ரெண்டும் வாங்கிடுங்க" என்றாள்.

துடுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. இப்பொழுது கடன்வாங்கிய துடுப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அமைதியான நீருக்கு ஆளின் உயரத்தைவிட ஒரு சாண் நீளமாக இருக்கவேண்டும். அலையில் முழங்கால் மடங்கி நிற்பதால் அதைவிடச் சில அங்குலம் குறையவேண்டும். நீட்டிச் சுருக்கும் துடுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மருமகனின் உயரம் இவ்வாண்டும் அரை அங்குலம் கூடியிருப்பதாகத் தங்கை சொல்கிறாள். அடுத்த வாரம் தெமெர்லோவுக்குப் போய், அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டுத்தான் வாங்கவேண்டும்.