ஓசூர்ச் சாலையின் காற்று

தமிழகத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவருவோரில் பலர் முதலில் காண்பது ஓசூர்ச் சாலையையே. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி வழியாக வந்தால் சில்க் போர்டு சந்திப்பை அடையலாம். மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கிருப்பதால் அமைந்த பெயர் அது. பட்டின் பெயர் தாங்கிய அவ்விடத்தில் இன்று நாம் காண்பதோ, நின்று நின்று நகரும் வண்டிகளின் வரிசை.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள இந்நகரம் குளிர்காற்றுக்குப் பேர்பெற்றது. ஆயினும், குளிர்ந்த காற்றெல்லாம் தூய காற்றன்று. இந்நகரில் பதிவாகியுள்ள வண்டிகள் 1 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றின் புகையோடு, பிரேக்கும் டயரும் தேய்ந்து உதிரும் தூளும் சாலைப் புழுதியும் கலக்கின்றன. இவற்றுள் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அது நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்போ 40. ஆகவே, நம் நாட்டு வரம்புக்குள் இருப்பதாலேயே ஓரிடத்துக் காற்று தீங்கற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது.

வளரும் பருவத்துப் பிள்ளைகள், தம் உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியாகக் காற்றை உட்கொள்கின்றனர். எனவே வீடு தேடும் அன்பர்கள் வாடகையோடு தெருவையும் நோக்குதல் நன்று. வண்டிப்புகை சாலையோரத்தில் மிகுந்திருக்கும். சில நூறு மீட்டர் தள்ளிச் சென்றால் பெரிதும் குறையும். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மாடியைவிட, சற்று நடந்து சேரும் உள்தெரு வீடே மேல்.

சாலையோரத்தில் குடியிருப்போர் செய்யத்தக்கனவும் உள. நெரிசல் வேளையில் சாலைப்பக்கச் சன்னலைச் சாத்தி, மறுபக்கச் சன்னலைத் திறக்கலாம். முற்றிலும் அடைத்துவிட்டாலோ, தாளிப்புப் புகையும் ஊதுவத்திப் புகையும் கொசுவத்திப் புகையும் உள்ளேயே தங்கும். அடுக்களையில் புகைபோக்கும் விசிறி, படுக்கைக்குக் கொசுவலை, தரைக்கு ஈரத்துணி ஆகியவை பெருஞ்செலவு வைப்பன அல்ல.

2025 ஆகஸ்ட் 10ஆம் நாள், ஆர்.வி. சாலையிலிருந்து சில்க் போர்டு வழியே பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பெற்றது. மின்சாரத்தில் ஓடும் அவ்வண்டி, செல்லும் வழியில் புகை விடுவதில்லை. இயன்றவர்கள் சொந்த வண்டியை விடுத்து அதில் ஏறுவார்களாயின், சாலையோர வீட்டில் உறங்கும் குழந்தைக்கும் அது செய்யும் உதவியாகும்.