ஆடும் நாற்காலியும் அமரும் மனிதரும்

‘நாற்காலி’ என்னும் சொல் கால்களை எண்ணிப் பெயர் பெற்றது. ‘கதிரை’ என்னும் சொல்லோ கடல் கடந்து வந்தது. ஈழத் தமிழர் இன்றும் வழங்கும் இச்சொல் போர்த்துக்கீசியரின் ‘கதெய்ரா’விலிருந்து பிறந்தது, அதற்கும் வேர் இலத்தீன் மொழியின் ‘காத்தெத்ரா’. ஆயரின் இருக்கையைக் குறித்த அச்சொல்லே, அவ்விருக்கை அமைந்த ஆலயத்திற்குக் ‘கதீட்ரல்’ என்னும் பெயரையும் ஈந்தது. ஆக, யாழ்ப்பாணத்து விறாந்தையில் பாட்டனார் சாய்ந்திருக்கும் கதிரையும், புதுவை ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் பேராயர் அமரும் இருக்கையும் சொல்லால் உடன்பிறந்தவை. அமர்தல் என்பது சிறு செயல்தான். ஆயினும் யார், எங்கே, எதில் அமர்கிறார் என்பதில் ஒரு வீட்டின் ஒழுங்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் ஒரு புதிய வழக்கத்தை நாம் காண்கிறோம். பளிங்குபோல் மின்னும் தரை, கண்ணைக் கவரும் விளக்குகள், இவற்றுக்கு நடுவே பழைய ஆடும் நாற்காலி ஒன்று. சிலர் அதைப் புதுச்சேரியில் வாங்கியிருக்கிறார்கள். சிலர் காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவரை சென்று வந்திருக்கிறார்கள். “சாமி, இது நூறு வருசத்துப் பொருள்” என்று பெருமையோடு சொல்வார்கள். “நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறோமா?” என்று தணிந்த குரலில் கேட்போரும் உண்டு. அப்படிக் கேட்போருக்கு நாம் சொல்லி வந்தவற்றையே இங்கு எழுத முனைகிறோம்.

ஆடும் நாற்காலி நம் முன்னோர் அறிந்த பொருள் அன்று. அவர்களுக்குத் திண்ணை இருந்தது, ஊஞ்சல் இருந்தது, குழந்தைக்குத் தொட்டில் இருந்தது. திண்ணையில் வழிப்போக்கனும் அமரலாம். ஊஞ்சலில் இருவர் சேர்ந்து அமரலாம். தனியொருவர் அமர்ந்து தாமே ஆடும் இருக்கை பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பெருகிற்று. எளிய துறவு வாழ்வு வாழ்ந்த ‘ஷேக்கர்’ என்னும் கிறிஸ்தவக் குழுவினர் அலங்காரம் ஏதுமற்ற ஆடும் நாற்காலிகளைச் செய்து புகழ் பெற்றனர். ஐரோப்பாவில் மைக்கேல் தோனெட் என்னும் தச்சர், பீச் மரக்கட்டைகளை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையைத் தொழிலாக வளர்த்தார். 1859-இல் வியன்னாவில் அவர் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத் துண்டுகளும் சில திருகாணிகளுமே தேவைப்பட்டன. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றினார்கள். அடுத்த ஆண்டே வளைகட்டையாலான ஆடும் நாற்காலியும் அவர் பட்டறையிலிருந்து வந்தது. சுருள் சுருளாக வளைந்து பிரம்பு பின்னிய பழைய நாற்காலிகளைக் கடைகளில் காணும்போது, அவற்றின் மூதாதை இவரே என்று கொள்ளலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபரான ஜான் கென்னடி முதுகுவலியால் துன்புற்றபோது, அவருடைய மருத்துவர் ஜேனட் டிராவெல் அம்மையார் ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். 1996-இல் கென்னடி இல்லத்துப் பொருள்கள் ஏலத்திற்கு வந்தபோது, எளிய ஓக் மர ஆடும் நாற்காலி ஒன்று 4 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அவ்விலை மரத்திற்கன்று, அமர்ந்தவருக்கு. இதை நினைவில் கொள்வது நல்லது.

நமக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்கும் இக்கலையில் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சுக்காரர் வீடுகளில் புழங்கிய தேக்கு நாற்காலிகளே இன்று அங்குள்ள கடைகளின் மூலதனம். ஆனால் அதனினும் அரிய செய்தி ஒன்றுண்டு. ஜப்பானிய மரபில் அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா, 1930-களின் பிற்பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியைக் கட்டும் பணிக்காகப் புதுவை வந்தார். அங்குள்ள அறைகளுக்குத் தேக்கில் அறைகலன்கள் வடிவமைத்தார். அரவிந்தர் அவருக்குச் ‘சுந்தரானந்தா’ என்று பெயரிட்டார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மரக்கலைஞரான இவரே, ஜப்பானின் கியோத்தோ நகரில் 1965-இல் எழுந்த கிறிஸ்து அரசர் ஆலயத்தையும் வடிவமைத்தவர். மரத்தின் முடிச்சையும் வெடிப்பையும் மறைக்காமல், அவற்றையே அழகாக்கிக் காட்டியது அவருடைய வழி.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலில் மரம். பழைய பொருள்களில் பர்மாத் தேக்கும் தோதகத்தி எனப்படும் ஈட்டியும் பெரிதும் மதிக்கப்படுபவை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. வைரம் பாய்ந்த கட்டையைக் கறையான் எளிதில் அண்டாது. ஈட்டி கனமானது, கருஞ்சிவப்பு ஓடியது. அம்மரங்களை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழக அரசு 1994-இல் தனிச் சட்டமே இயற்றிற்று. 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆகவே, புது ஈட்டியைத் தேடுவதைவிடப் பழையதைப் பழுது பார்ப்பது அறமும் ஆகும், சிக்கனமும் ஆகும். நம் வட்டாரத்துப் பூவரசும் வேம்பும் பலாவும்கூட நல்ல நாற்காலிகளைத் தந்துள்ளன. பெயர் பெரிதாக இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டா. திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காட்டைக் குறிப்பது. அப்புளியோ உளிக்கு எளிதில் இணங்காது. உலக்கையாகவும் இறைச்சி வெட்டும் கட்டையாகவுமே உழைத்தது. எல்லா மரமும் இருக்கையாக வேண்டும் என்பதில்லை.

அடுத்து இணைப்புகள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். உண்மை அடியில்தான் இருக்கும். ஒரு கட்டையில் துளையிட்டு, மறுகட்டையின் நாக்கை அதில் இறக்கி, மரஆணியால் பூட்டிய இணைப்பு நெடுங்காலம் நிற்கும். வெறும் ஆணியும் பசையும் மட்டும் தாங்கும் இணைப்பு விரைவில் ஆட்டம் காணும். நட்சத்திரத் தலைத் திருகாணிகள் 1930-களுக்குப் பின்பே புழக்கத்திற்கு வந்தவை. நூறாண்டுப் பொருள் என்று விற்கப்படுவதில் அவை இருந்தால், ஒன்று அது பழுது பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அத்தனை பழையதாக இருக்க இயலாது. கைப்பிடியின் முனையும் காலின் அடியும் தேய்ந்திருத்தல் இயற்கை. எவரும் தொடாத மூலைகளும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. சிறு துளைகளும் அவற்றின் கீழே வெளிறிய புதுப்பொடியும் தென்பட்டால் வண்டு இன்னும் உள்ளே வாழ்கிறது என்று பொருள். அத்தகைய பொருளை வீட்டுக்குள் ஏற்ற வேண்டா.

மூன்றாவது, உடலுக்குப் பொருத்தம். அமரும் பலகை தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம் இருத்தல் நலம். அமர்ந்தபின் உள்ளங்கால் தரையில் படிய வேண்டும். கைப்பிடி உறுதியாக இருக்க வேண்டும், ஏனெனில் முதியோர் எழும்போது உடற்பாரம் முழுவதையும் அதன்மேல்தான் வைக்கிறார்கள். ஆடும் நாற்காலியாயின், வெறுமையாக ஆட்டிப் பாருங்கள்: இரு வளைசட்டங்களும் ஒரே சீராகத் தரையைத் தொட வேண்டும், பக்கவாட்டில் நகரக் கூடாது, பின்புறம் சட்டம் போதிய நீளம் இருந்தால்தான் சாயும்போது கவிழாது. வழுக்கும் ஓட்டுத்தரையில் அது மெல்ல மெல்ல இடம் பெயரும். அடியில் விரிப்பு ஒன்று தேவை. சுவருக்கும் நாற்காலிக்கும் இடையே ஒன்றரை அடியாவது விடுங்கள். தவழும் குழந்தையின் விரல் சட்டத்தின் கீழ் அகப்படாதவாறு காப்பதும் நம் கடமை.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருப்பது பெருங்குறை அன்று. அடிப்புறத்தை வெதுவெதுப்பான நீரால் நனைத்து நிழலில் உலரவிட்டால் ஓரளவு இறுகும். அறுந்திருந்தால் மட்டுமே மறுபின்னல் வேண்டும். அக்கைத்தொழில் தெரிந்தோர் குறைந்து வருவதால், அதற்கு நல்ல கூலி கொடுப்பதே முறை. நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழையதைத் தேடி ஓடும் நாம், பழையதைச் செய்யவல்ல கைகள் நம் நடுவே இன்றும் இருப்பதை மறத்தல் ஆகாது.

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும், அதனைத் தொடர்ந்து விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளமும் இவ்வகையில் ஒரு பாடம் கற்பித்தன. வெள்ளம் வடிந்த தெருக்களில் மரத்தூள் பலகையால் செய்த சோபாக்கள் ஊதிப் பிளந்து கிடந்ததை நாம் கண்டோம். பாட்டன் காலத்துத் தேக்கு நாற்காலிகளோ சேறு கழுவி, நிழலில் மெதுவாக உலர்த்தப்பட்டபின் மீண்டும் தம் இடத்திற்குத் திரும்பின. அவசரப்பட்டு வெயிலில் வைத்தவை மட்டும் வெடித்தன.

பழமையைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக நூறாண்டு கடந்த கலைப்பொருள்களே தொல்பொருள் எனப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. வணிகர் வாயிலோ ஐம்பதாண்டுப் பொருளும் தொல்பொருளாகிவிடுகிறது. உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் பெர்னினி வடித்த வெண்கலச் சிம்மாசனத்தினுள் பழைய மர இருக்கை ஒன்று உள்ளது. பேதுருவின் இருக்கை என்று தலைமுறைகள் போற்றிய அதை அறிஞர்கள் 1968 முதல் 1974 வரை ஆராய்ந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் மன்னர் சார்லஸ் திருத்தந்தைக்கு அளித்த கொடை என்று அறிவித்தார்கள். திருச்சபை அதை மறைக்கவில்லை. 2024 அக்டோபர் 27 முதல் டிசம்பர் 8 வரை அதே மர இருக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வயது குறைந்ததால் மதிப்புக் குறையவில்லை; உண்மை சேர்ந்ததால் மதிப்பு உயர்ந்தது. உங்கள் நாற்காலிக்கும் இதுவே அளவுகோல் ஆகட்டும்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பழம்பொருள் கடைகளில் சில வேளைகளில் கோவில் நாற்காலிகளும் முழந்தாட்படிப் பலகைகளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பாகங்களும் கண்ணில் படுகின்றன. பழைய கோவிலை இடித்துப் புதிது கட்டும்போது இவை விறகு விலைக்குப் போய்விடுகின்றன. கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புள்ள பொருள்களைத் திருப்பீடத்தின் அனுமதியின்றி விற்றல் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1292-ஆம் எண் கூறுகிறது. அவற்றுக்குப் பட்டியல் எழுதி வைக்கவேண்டும் என்கிறது 1283-ஆம் எண். மந்திரிக்கப்பட்ட பொருள் தனியார் கையில் இருந்தாலும் தகாத பயன்பாட்டுக்கு உரியதன்று என்பது 1171-ஆம் எண். எனவே, அத்தகைய பொருளைக் காண நேர்ந்தால், விலை பேசுமுன் உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு சொல் கேளுங்கள். பங்குப் பேரவையினர் தம் கோவிலின் பழைய மரப்பொருள்களுக்கு இன்றே பட்டியல் எழுதத் தொடங்கினால் இன்னும் நன்று.

இத்தனையும் பார்த்து வாங்கியபின் எஞ்சும் கேள்வி ஒன்றே: அதில் அமரப்போவது யார்?

திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில், மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நாம் நற்கருணை கொண்டு செல்லும் இல்லம் ஒன்றுண்டு. கூடத்தில் ஈட்டியில் செய்த அழகிய ஆடும் நாற்காலி. எண்பதைக் கடந்த பெரியவரோ வாசலோரம், ஒரு கால் லேசாக விரிந்த நெகிழி நாற்காலியில். “உள்ளே அதில் உட்காரலாமே, ஐயா” என்றோம். “அது பாலிஷ் போட்டது சாமி. பையன் ஆசைப்பட்டு வாங்கினது. எனக்கு இது போதும்” என்றார். குரலில் குறை இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்திற்று. மகன் பொல்லாதவர் அல்லர். அப்பாவுக்கு அதில் அமர விருப்பமிருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. சொன்னதும் கலங்கிப்போனார். உடனே தந்தையை அழைத்து அமர்த்தினார். ஆனால் எழும்போது நாற்காலி முன்னே சாய, பெரியவரின் கால் நிலைகொள்ளவில்லை. இருவர் தாங்க வேண்டியிருந்தது. ஆட்டம் முதுமைக்கு இதம்தான். தள்ளாடும் கால்களுக்கு அதுவே இடரும் ஆகிறது.

அடுத்த மாதம் சென்றபோது தச்சர் செய்து கொடுத்த இரண்டு சிறு ஆப்புகள் வளைசட்டங்களின் கீழ் செருகப்பட்டிருந்தன. பெரியவர் அமரும்போதும் எழும்போதும் நாற்காலி அசையாது. அமர்ந்தபின் பேரன் ஆப்புகளை எடுத்துவிடுவான். “இறங்கணும்னா கூப்பிடுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு அருகிலேயே பாடம் படித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியின் பாலிஷ் ஒரு பக்கம் மங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி அவ்வீட்டில் எவரும் பேசவில்லை.

நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்கும்படி லேவியர் நூல் கட்டளையிடுகிறது. நாம் எழுந்து நின்றால் மட்டும் போதாது. அவர்கள் அமர ஓர் இடமும் வேண்டும். அதற்குத் தோதகத்தி தேவையில்லை. சாக்குத்துணி கட்டிய பழைய சாய்வு நாற்காலி போதும், கயிறு இறுகிய கட்டில் போதும், காற்றும் தெருவும் தெரியும் ஒரு திண்ணை போதும். ஆயினும் வீட்டில் மிக நல்ல இருக்கை ஒன்று இருக்குமாயின், அது மூத்தவருக்கே உரியதாகட்டும். நாற்காலியின் வயதைக் கடைக்காரரிடம் விசாரித்து வாங்கும் அன்பர்களே, அதில் அமரப்போகும் உங்கள் பெற்றோரின் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.