அயலான் என்றொரு குடிப்பெயர்

மக்கட்குப் பெயரிடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். நம்மவர் தந்தையின் பெயரிலுள்ள முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன்னர் எழுதுவர். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்து மாறிவிடும். மேலைநாட்டாருள் பலர் ஒரே குடிப்பெயரை நூற்றாண்டுகள் பலவாகத் தாங்கி வருகின்றனர். பாட்டனுக்குப் பாட்டன் கொண்டிருந்த பெயரே இன்று பள்ளியிற் சேரும் குழந்தையின் பெயர்க்குப் பின்னும் நிற்கின்றது. அவன் மறந்துபோன செய்திகளையும் அது நினைவிற் கொண்டிருத்தல் கூடும். அத்தகைய பெயர் ஒன்றைப் பற்றி யாம் படித்தறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அப்பெயர் வால்ஷ் என்பது. கிரிக்கெட் ஆட்டத்தில் ஈடுபாடுடையோர்க்கு அது புதிதன்று. மேற்கிந்தியத் தீவினரின் பந்து வீச்சாளராகிய கோர்ட்னி வால்ஷ் டெஸ்ட் பந்தயங்களில் 519 விக்கெட்டுகளை வீழ்த்தி, 2001ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 500 என்னும் எண்ணை முதன்முதல் எட்டியவரும் அவரே. யாமும் அப்பெயரை முதலில் அறிந்தது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலேதான். அவர் பிறந்தது ஜமைக்காத் தீவில். அப்பெயர் மிகுதியாக வழங்குவதோ அயர்லாந்து நாட்டில். பெருங்கடலின் இரு கரைகளிலும் ஒரே பெயர் வழங்குதற்குக் காரணம் யாதோ என்னும் ஐயம் எம்மை நூல்நிலையத்திற்கு இட்டுச் சென்றது.

அயர்லாந்தின் பழங்குடிப் பெயர்கள் பெரும்பாலும் 'ஓ' என்றேனும் 'மக்' என்றேனும் தொடங்குவன. ஓ எனின் பேரன். மக் எனின் மகன். பின்னது நம் தமிழ்ச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. 1014ஆம் ஆண்டில் கிளான்டார்ப் போரில் உயிர் நீத்த பிரையன் போரு என்னும் மன்னனின் வழியினர் ஓ பிரையன் எனப்பட்டனர். இங்ஙனம் அப்பெயர்கள் யாவும் 'யாம் இன்னாருடைய மரபினர்' என்று கூறி நிமிர்ந்து நிற்கும். வால்ஷ் என்னும் பெயரோ முன்னோன் எவனையும் சுட்டவில்லை. ஐரிஷ் மொழியில் அதன் வடிவம் 'பிரானக்' என ஒலிக்கும். பிரித்தானியன், அதாவது வேல்ஸ் நாட்டான், என்பதே அதன் பொருள். அஃது ஒருவன் தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயரன்று. கடல் கடந்து வந்தவனைக் கண்டு அண்டை வீட்டார் சுட்டிய சொல். கெனத் பிரானா என்னும் புகழ்பெற்ற நடிகரின் குடிப்பெயரும் இதே சொல்லின் மற்றொரு வடிவம்.

ஆங்கில வடிவத்தின் வரலாறு இதனினும் வியப்பானது. வால்ஷ், வெல்ஷ், வேல்ஸ் ஆகிய சொற்கள் அயலான் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தவை. பிரித்தானியத் தீவில் வாழ்ந்து வந்த மக்களைப் பின்னர்க் கடல் கடந்து வந்து குடியேறிய சாக்சானியர் அச்சொல்லால் அழைத்தனர். வந்தவர் இருந்தவரை அயலார் என்றனர்! இன்று கடைகளில் விற்கும் வால்நட் என்னும் பருப்பின் பெயரிலும் அச்சொல்லே உளது. அயல்நாட்டுக் கொட்டை என்பது அதன் பொருள். வேல்ஸ் மக்கள் தம் மொழியில் தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். உடன்நாட்டார் என்னும் பொருளுடைய சொல் அது. தம்முள் உடன்நாட்டார் என வழங்கியோர் பிறர் வாயில் அயலார் ஆயினர். ஸ்காட்லாந்தின் விடுதலைக்குப் போராடி 1305ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட வில்லியம் வாலஸ் என்னும் வீரனின் பெயர்க்கும் மூலம் இதுவே.

இனி, வேல்ஸ் நாட்டார் அயர்லாந்துக்கு வந்த வகையைக் காண்போம். அயர்லாந்தின் ஒரு பகுதியாகிய லெயின்ஸ்டரை ஆண்ட டெர்மட் மக்முரோ என்னும் மன்னன் 1166ஆம் ஆண்டில் நாட்டை இழந்தான். இழந்ததை மீட்கும்பொருட்டு இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் இசைவைப் பெற்று, வேல்சில் நிலைபெற்றிருந்த நார்மானியப் பிரபுக்களின் படைத்துணையை நாடினான். 1169ஆம் ஆண்டில் அப்படையின் முதற்பகுதி வெக்ஸ்போர்டுக் கரையில் இறங்கிற்று. மறு ஆண்டில் ஸ்ட்ராங்போ என்னும் பிரபு பெரும்படையோடு வாட்டர்போர்டை அடைந்தான். அவர்களோடு தென் வேல்சைச் சேர்ந்த வில்லாளரும் வீரரும் பலர் வந்தனர். வந்தோர் திரும்பிலர். கில்கென்னி மாவட்டத்தின் தென்பகுதியில் அவருட் சிலர் பெற்ற மேட்டு நிலம் இன்றும் வால்ஷ் மலை எனப்படுகின்றது. 1235ஆம் ஆண்டில் நார்மானியர் மேற்கிலுள்ள கானாட் நாட்டை வென்றபோது மேயோ, கால்வேப் பகுதிகளிலும் வேல்ஸ் குடியினர் தங்கினர். ஜேம்ஸ் ஜாய்ஸ் என்னும் பெரும் எழுத்தாளரின் குடிப்பெயரும் வேல்சிலிருந்து கால்வேக்கு வந்ததே. ஆதலின் வால்ஷ் என்பார் அனைவரும் ஒரு தந்தையின் மக்களல்லர். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறையில் இறங்கிய பலரை ஒரே சொல் ஒரு பெயராக்கிற்று.

படையெடுத்து வந்தோர் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நாட்டாரே ஆயினர். ஐரிஷ் மொழி பேசினர். ஐரிஷ் மகளிரை மணந்தனர். தம் பிள்ளைகளை ஐரிஷ் குடும்பங்களில் வளர்க்க விடுத்தனர். இதனைக் கண்டு இங்கிலாந்து அரசாங்கம் அஞ்சிற்று. 1366ஆம் ஆண்டில் கில்கென்னி நகரில் கூடிய பாராளுமன்றம், குடியேறிய ஆங்கிலர் ஐரிஷ் மொழியைப் பேசுதலும், ஐரிஷ் பெயர்களைச் சூடுதலும், ஐரிஷ் மக்களோடு மணவினை கொள்ளுதலும் குற்றம் எனச் சட்டம் இயற்றிற்று. சட்டம் ஏட்டளவில் நின்றது. மக்களோ சந்தையிலும் கோயிலிலும் ஒருவரோடொருவர் கலந்தனர். ஏறக்குறைய 1634ஆம் ஆண்டில் ஜெப்ரி கீட்டிங் என்னும் பாதிரியார் அயர்லாந்தின் வரலாற்றை ஐரிஷ் மொழியில் எழுதி முடித்தார். அவரும் நார்மானிய மரபினர். பழைய ஐரிஷ் மக்களையும் முன்னாள் வந்து குடியேறிய மரபினரையும் ஒரே பெயரால் 'ஐரிஷ் மக்கள்' என அவர் குறித்தார். 1169க்கும் அந்நூற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 460 ஆண்டுகள்.

அடுத்து வந்த துன்பம் அவ்விரு திறத்தாரையும் வேறு பிரித்துப் பார்க்கவில்லை. 1649ஆம் ஆண்டில் கிராம்வெல் படையோடு வந்தபின், கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்த நிலக்கிழார் பலர் தம் நிலங்களை இழந்தனர். மலைநாட்டு வால்ஷ் குடியினரும் அவருள் ஒருவர். 1691ஆம் ஆண்டில் லிமரிக் உடன்படிக்கையோடு மற்றொரு போர் முடிந்தபின் ஐரிஷ் வீரரும் வணிகரும் ஆயிரக்கணக்கில் பிரான்சு நாட்டிற் புகலடைந்தனர். அங்ஙனம் புகலடைந்த குடும்பம் ஒன்றில் 1703ஆம் ஆண்டில் சான் மாலோ நகரிற் பிறந்தவர் ஆன்ட்வான் வால்ஷ். 1745ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் இளவரசன் சார்லஸ் தன் முன்னோரின் அரியணையை மீட்க ஸ்காட்லாந்துக்குச் சென்றது இவருடைய கப்பலிலேயே. இச்செய்தியைக் கூறும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. நான்ட் துறைமுகத்தில் இவர் ஈட்டிய பெருஞ்செல்வம் அடிமை வாணிகத்தால் வந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை இவருடைய கப்பல்கள் விலங்கிட்டுக் கொண்டு சென்றன. பிறந்த மண்ணை இழந்தோரின் துயர் அறிந்த குடும்பத்தில் தோன்றியவரே, பிறரைத் தம் மண்ணினின்றும் பெயர்த்து விற்றார். துன்புற்றோர் யாவரும் பிறர் துன்பம் அறிவர் என யாம் எண்ணுவது வழக்கம். இவ்வரலாறு அவ்வெண்ணத்தை ஆட்டிவிடுகின்றது.

ஐரிஷ் பெயர்கள் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த வழிகளுள் அடிமைத்தனமும் ஒன்று. அத்தீவுகளுக்கு ஐரிஷ் மக்கள் கூலியாட்களாகவும் சென்றனர். தோட்ட முதலாளிகளாகவும் சென்றனர். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1834ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை கிடைத்தது. அடிமைப்பட்டிருந்தோர் பலர் ஞானஸ்நானத்தின் போதோ விடுதலையின் போதோ தம் முதலாளிகளின் குடிப்பெயரைப் பெற்றனர். ஆதலின் ஜமைக்காவில் வழங்கும் ஐரிஷ் பெயர் குருதியுறவைக் காட்ட வேண்டும் என்னும் நியதி இல்லை. ஒருவரை மற்றொருவர் உடைமையாக வைத்திருந்த கொடுமையின் சுவடாகவும் அஃது இருத்தல் கூடும்.

அயர்லாந்திலேயே எஞ்சியோர் நிலை யாது? 1841ஆம் ஆண்டில் அத்தீவின் மக்கள் ஏறக்குறைய 81 லட்சம். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றிற்று. தொடர்ந்த பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் பத்து லட்சம் பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். 1851ஆம் ஆண்டில் எஞ்சியோர் 65 லட்சமே. வால்ஷ் குடியினர் செறிந்த மேயோவும் கார்க்கும் மிக நொந்த மாவட்டங்களுள் அடங்கும். கில்கென்னி, வாட்டர்போர்டு மாவட்டத்தார் பஞ்சத்திற்கு முன்னரே மீன்பிடி தொழிலை நாடி நியூபவுண்ட்லாந்து சென்று குடியேறியிருந்தனர். அங்கு வால்ஷ் என்னும் பெயர் இன்றும் பெருவழக்கு. லிவர்ப்பூல், பாஸ்டன், நியூயார்க், சிட்னி முதலிய நகரங்களிலும் அது வேரூன்றிற்று.

1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து ராபர்ட் மதீசன் என்னும் பதிவுத்துறை அதிகாரி வெளியிட்ட அறிக்கை ஒன்றுளது. அயர்லாந்தில் மர்பி என்னும் பெயருடையோர் 62,600 பேர். கெல்லி 55,900 பேர். சல்லிவன் 43,600 பேர். நான்காவதாக வால்ஷ் 41,700 பேர் என அவர் மதிப்பிட்டார். முன்னின்ற மூன்றும் பழைய ஐரிஷ் பெயர்கள். அவற்றையடுத்து நிற்பது அயலான் என்னும் பெயர்! இற்றைநாளிலும் அந்நாட்டில் மிகுந்து வழங்கும் முதற்பத்துப் பெயர்களுள் அஃது ஒன்று. அயர்லாந்தின் தேசியப் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் டப்ளின் பேராயர் வில்லியம் வால்ஷ். அவரை அயலார் என எவரேனும் கூறியிருப்பின் கேட்டோர் நகைத்திருப்பர்.

அமெரிக்காவில் இம்மாற்றத்திற்கு இத்துணைக் காலம் வேண்டியதில்லை. பஞ்சத்தால் வந்து சேர்ந்த ஐரிஷ் மக்களை இகழ்ந்து வேலைக்கு வேண்டாவென ஒதுக்கிய வழக்கம் பாஸ்டன் நகரில் ஒருகாலத்தில் இருந்தது. அந்நகரிலேயே, கால்வே மாவட்டத்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்த மார்ட்டி வால்ஷ் 2014 முதல் 2021 வரை நகரத் தலைவராக விளங்கினார். பின்னர் அமெரிக்க நாட்டின் தொழிலாளர் அமைச்சருமானார். வந்தோர்க்கும் தலைவர்க்கும் இடைப்பட்டது ஒரே தலைமுறை. அயலான் உடன்நாட்டான் ஆவதற்கு இத்துணை ஆண்டு என்னும் கணக்கு இல்லை. அஃது இருந்தோர் வந்தோர்க்கு இடங்கொடுக்கும் மனத்தைப் பொறுத்தது.

இதனை யாம் வலியுறுத்துதற்குக் காரணம் உண்டு. மக்களை நெடுங்காலம் வெளியே அனுப்பி வந்த அயர்லாந்து இன்று மக்களை ஏற்கும் நாடு. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோரில் ஐவருள் ஒருவர் பிறநாட்டிற் பிறந்தவர். இந்தியக் குடியுரிமையுடையோர் மட்டும் 45,000க்கு மேற்பட்டோர். மருத்துவமனைகளிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் நம் நாட்டார் பணிபுரிகின்றனர். மாணவர் பலர் பயில்கின்றனர். 2025ஆம் ஆண்டின் கோடையில் டப்ளின் நகரில் இந்தியர் சிலர் தெருவில் தாக்கப்பட்டனர். ஆளரவமற்ற இடங்களைத் தவிர்க்குமாறு இந்தியத் தூதரகம் நம்மவர்க்கு அறிவுரை கூற நேர்ந்தது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவரும் அச்செயல்களைக் கண்டித்தார். அச்செய்தியைப் படித்தபோது எமக்கு வால்ஷ் என்னும் பெயரே நினைவிற்கு வந்தது. அயலாரை வெறுத்துக் கை ஓங்குவோர் வாழும் அதே நகரில், தெருத்தோறும் வீட்டு வாயில்களில் அயலான் என்னும் குடிப்பெயர் எழுதப்பட்டிருத்தலை அவர் அறிவாரோ?

அந்நாட்டாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அயலான் என்னும் சொல் நம்மிடத்தும் உண்டு. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நம் விடுதிக்குப் புதிய மாணவர் வருகின்றனர். பேச்சின் ஒலியும் உணவின் சுவையும் வேறுபட்ட ஊர்களிலிருந்து வருவோர் முதல் மாதத்தில் ஒதுங்கி நிற்பர். அவர் தம் ஊர்ப்பெயரையே பட்டப்பெயராகச் சூட்டி நகையாடுதல் எளிது. அப்பெயரை விடுத்து அவர்தம் இயற்பெயரைக் கேட்டறிந்து, உணவு மேசையில் தம் பக்கத்தில் இடமளிப்பாராயின், நம் மாணவர் அயர்லாந்தில் 460 ஆண்டுகள் எடுத்த செயலை ஒரு பருவத்துள் முடித்தவராவர்.